நெட்டுருவுக்கு இடமில்லாத உயிரியல் வகுப்பு

கோடை விடுமுறை கழிந்து அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் திறக்கும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில், ‘ஏ.பி. பயாலஜி’ என்று அங்கே வழங்கும் மேல்நிலை உயிரியல் வகுப்பில் சேர்ந்த மாணவன் முதல் வாரத்திலேயே வீட்டுக்குக் கொண்டுவருவது, பாடப்புத்தகத்தோடு கூட, அவ்வகுப்பின் ஆசிரியர் வகுத்த நியமங்கள் அடங்கிய சில பக்கக் காகிதங்களையும் ஆகும். பயிற்சிகளைத் தாமதமாகக் கொடுத்தால் நாளொன்றுக்கு எத்தனை மதிப்பெண் குறையும், பரிசோதனை நாளன்று வராதவன் அதை எப்போது ஈடுசெய்ய வேண்டும், ஆய்வுக்கூடத்தில் என்ன உடுத்தலாம், என்ன உண்ணலாகாது, பிறர் எழுதியதைப் பார்த்து எழுதினால் என்ன தண்டனை என்று ஷரத்து ஷரத்தாக எழுதி, கடைசியில் மாணவனும் பெற்றோரும் கையொப்பமிட இடம் விட்டிருக்கும் அதனை மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர்கள், யாரோ வீட்டுச் சொந்தக்காரர் குடித்தனக்காரருக்கு எழுதித் தந்த வாடகை ஒப்பந்தம் என்றே நினைத்துவிடக்கூடும். நியூஜெர்ஸியிலும் கலிபோர்னியாவிலும் டெக்ஸாஸிலும் குடியேறிய நம்மவர் வீடுகளில் இந்தக் காகிதத்தில் கையொப்பமிடும் தகப்பனாரும் தாயாரும் ஏராளமானவர். அவர்களுடைய பேச்சின் வழியாக ‘ஏ.பி.’ என்ற இரண்டெழுத்து மயிலாப்பூரிலும் மதுரையிலும் இருக்கும் தாத்தா பாட்டிமார் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆயினும், அந்த வகுப்பு மாணவனிடம் உண்மையில் எதிர்பார்ப்பது என்ன, அதன் நியமங்களில் எவை அந்த எதிர்பார்ப்புக்குத் துணைபோகின்றன, எவை அதற்கே விரோதமாக நிற்கின்றன என்ற விசாரணை நம்மிடையே போதிய அளவு நடந்ததாகத் தெரியவில்லை.

இந்த ஏற்பாட்டின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். இரண்டாவது உலக மகாயுத்தம் முடிந்த சில ஆண்டுகளில், உயர்நிலைப் பள்ளியின் கடைசி வகுப்புகளிலும் கல்லூரியின் முதலாண்டிலும் ஒரே பாடத்தை இருமுறை படிக்க நேர்வதால் கெட்டிக்கார மாணவரின் காலம் வீணாகிறது என்ற அபிப்பிராயம் அமெரிக்கக் கல்வியாளரிடையே வலுப்பெற்றது. ஃபோர்டு ஸ்தாபனத்தின் பொருளுதவியோடு 1950-களின் தொடக்கத்தில் நடந்த ஆராய்ச்சிகளின் பயனாக, கல்லூரித் தரத்துப் பாடங்களைப் பள்ளியிலேயே நடத்தி, பொதுப் பரீட்சை ஒன்றின் வாயிலாகத் தகுதி கணிக்கும் திட்டம் உருவாயிற்று. 1955-ஆம் ஆண்டில் அதை ‘காலேஜ் போர்டு’ என்னும் பரீட்சை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 1956-இல் முதன்முதலாகப் பரீட்சை எழுதியவர்கள் 104 பள்ளிகளைச் சேர்ந்த 1,229 மாணவர்களே. இன்றோ உயிரியல் ஒன்றை மட்டும் ஆண்டுதோறும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதுகிறார்கள். பொறுக்கியெடுத்த சிலருக்கென்று பிறந்த ஏற்பாடு பெருந்திரளுக்கு உரியதாகிவிட்ட இந்த மாறுதலே, பின்னால் நாம் பேசப்போகும் நல்லதற்கும் கெட்டதற்கும் வித்து.

பெருந்திரள் வந்து சேர்ந்த காலத்தில் பாடமும் பருத்துக்கொண்டே போயிற்று. இவ்வகுப்புகளில் பெருவழக்காகிவிட்ட கேம்ப்பெல் என்பவரின் உயிரியல் நூல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. உயிரணுவிலிருந்து உயிர்மண்டலம் வரையில் அதிலுள்ள யாவற்றையும் மே மாதப் பரீட்சைக்குள் முடித்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தால், ஆசிரியர்கள் அத்தியாயங்களை நடத்துவதைக் காட்டிலும் அவற்றின்மீது ஓடுவதையே செய்துவந்தார்கள். அகலம் உண்டு, ஆழம் இல்லை என்ற இந்தக் குறையை 2002-ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட அறிக்கை ஒளிவுமறைவின்றிச் சுட்டிக்காட்டியது. பத்தாண்டு நடந்த ஆலோசனைக்குப் பிறகு 2012-இல் பாடத்திட்டம் அடியோடு மாற்றி அமைக்கப்பட்டது. பரிணாமம், சக்தியின் போக்கு, மரபுச் செய்தியின் சேமிப்பும் பரிமாற்றமும், அமைப்புகளின் பரஸ்பரத் தொடர்பு என்னும் நான்கு மூலக் கருத்துகளின்மீது பாடம் முழுவதும் நிறுத்தப்பட்டது. 2019-இல் அதே சரக்கு எட்டு அலகுகளாக ஒழுங்கு செய்யப்பட்டது.

இந்த மாறுதலில் என்னை மிகவும் கவர்ந்தது, பாடத்தில் புதிதாகச் சேர்த்தவை அல்ல. வேண்டாம் என்று ஒதுக்கியவை. குளுக்கோஸ் சிதைவதிலும் கிரெப்ஸ் சுழற்சியிலும் கால்வின் சுழற்சியிலும் படிப்படியாகத் தோன்றும் இடைப்பொருள்களின் பெயர்களையும், அவற்றைத் தூண்டும் நொதிகளின் பெயர்களையும் மனனம் செய்ய வேண்டியதில்லை, பரீட்சையில் கேட்கவும் மாட்டோம் என்று பாடத்திட்டமே கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டது. உயிரியல் படித்தவர் எவரும் இதன் மகத்துவத்தை உணர்வர். சிட்ரிக் அமிலத்தில் தொடங்கி ஆக்ஸலோஅசிடிக் அமிலத்தில் முடியும் அந்த வட்டத்தை இரவெல்லாம் உருப்போட்டு, விடிந்ததும் தாளில் வட்டமாகவே இறக்கிவைத்து, மறுவாரமே மறந்துபோன தலைமுறைகள் எத்தனை! அந்த உழைப்பால், உணவிலுள்ள சக்தி எவ்வாறு உடலுக்குப் பயன்படும் உருவை அடைகிறது என்ற விளக்கம் அவர்களுக்குக் கிடைத்ததா என்றால், பெரும்பாலோருக்கு இல்லை என்பதே உண்மை. இப்போது கேட்கப்படும் கேள்வியின் தோரணை வேறு: மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு புரோட்டான்களைக் கசியவிடுமாறு ஒரு மருந்து செய்துவிட்டால், ஏ.டி.பி. உற்பத்திக்கு என்ன நேரும், உடலின் வெப்பத்துக்கு என்ன நேரும், ஏன்? இதற்கு விடை எந்தப் பக்கத்திலும் அச்சாகியிருக்காது. ஆனால் சவ்வின் இருபுறத்துப் புரோட்டான் ஏற்றத்தாழ்வுதான் சக்தியின் ஊற்று என்று அறிந்த மாணவனுக்கு, விடை அவன் மூளையிலேயே இருக்கிறது.

ஆகவே, இவ்வகுப்பு எதிர்பார்க்கும் முதல் குணம் நினைவாற்றல் அன்று, யுக்தி. அந்த யுக்தி விளையும் நிலம் ஆய்வுக்கூடம். வகுப்பு நேரத்தில் குறைந்தபட்சம் நான்கில் ஒரு பங்கு பரிசோதனைகளுக்கே உரியது என்பதும், மூலக் கருத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு பரிசோதனைகளாவது நடந்திருக்க வேண்டும் என்பதும் காலேஜ் போர்டின் கட்டளை. 2007-ஆம் ஆண்டுமுதல் ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் பாட ஏற்பாட்டை அந்நிறுவனத்துக்கு அனுப்பி அங்கீகாரம் பெற்றாலன்றி, பள்ளி தன் வகுப்புக்கு ‘ஏ.பி.’ என்ற பெயரைச் சூட்டமுடியாது.

அப்பரிசோதனைகளில் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இந்த வகுப்பின் சுபாவம் அதிலேயே புலப்படும். பசலைக் கீரையின் இலையிலிருந்து சிறுசிறு வட்டங்களைத் துளைத்தெடுத்து, சோடா உப்புக் கரைசலில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் கலந்து, ஊசி மாட்டாத மருந்துக் குழலுக்குள் இரண்டையும் இட்டு, குழலின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு தண்டைப் பின்னுக்கு இழுத்தால், இலையின் உட்புழைகளில் தங்கியிருந்த காற்று வெளியேறுகிறது. தண்டை விட்டதும் அவ்விடத்தில் கரைசல் புகுகிறது. மிதந்துகொண்டிருந்த வட்டங்கள் கனத்து அடியில் அமிழ்ந்துவிடுகின்றன. அவற்றைக் கோப்பையில் ஊற்றி விளக்கின் கீழ் வைத்தால், ஒளிச்சேர்க்கையினால் பிறக்கும் ஆக்ஸிஜன் இலைக்குள் சிறு குமிழிகளாகச் சேரச் சேர, ஒன்று, இரண்டு, ஐந்து என்று வட்டங்கள் மேலெழுந்து மிதக்கத் தொடங்கும். நிமிஷத்துக்கு ஒருமுறை மிதப்பவற்றை எண்ணிக் குறித்து, பாதி வட்டங்கள் எழுவதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று கணக்கிட்டால் ஒளிச்சேர்க்கையின் வேகம் கைக்கு அகப்பட்டுவிடுகிறது. விளக்கை அணைத்து இருட்டில் வைத்தால், இலை தான் விட்ட ஆக்ஸிஜனைத் தானே சுவாசத்தில் செலவிட, மிதந்தவை மறுபடியும் மூழ்குகின்றன. தாவரமும் சுவாசிக்கிறது என்பதைப் பாராமல் படித்தவனுக்கும் பார்த்துப் படித்தவனுக்கும் உள்ள வித்தியாசம் அந்த மூழ்குதலில் இருக்கிறது. விலையுயர்ந்த கருவி ஒன்றுகூட இதற்கு வேண்டியதில்லை என்பதையும் நம் பள்ளி ஆசிரியர்கள் கவனிப்பார்களாக.

ஆனால், வகுப்பின் உண்மையான எதிர்பார்ப்பு இதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது. முறையைக் காட்டிக் கொடுத்த ஆசிரியர் அதோடு ஒதுங்கிக்கொள்ள, மாணவனே தனக்கென்று ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: சிவப்பு ஒளியிலும் பச்சை ஒளியிலும் வேகம் மாறுமா, குளிர்ந்த நீரில் குறையுமா, முற்றிய இலைக்கும் தளிருக்கும் பேதமுண்டா? எதை மாற்றுகிறான், எதை அளக்கிறான், எவற்றை மாறாமல் வைத்திருக்கிறான், சோடா உப்பே இல்லாத கோப்பை ஒன்றை ஒப்பீட்டுக்கு ஏன் வைத்தான் என்பதையெல்லாம் பரிசோதனைக்கு முன்பே குறிப்பேட்டில் எழுதியாக வேண்டும். எதிர்பார்த்த விடை வராவிட்டால் அதை எழுதவும் வேண்டும். எண்களைத் திருத்தியவன் அகப்பட்டால், தவறான விடை கண்டவனுக்கு இல்லாத தண்டனை அவனுக்கு உண்டு. பரிசோதனைக் குறிப்பேட்டைப் பற்றி நியமக் காகிதத்தில் காணும் கண்டிப்புகள் — அடித்தலை அழிக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது, வீட்டில் போய் அழகாகப் பெயர்த்தெழுதக் கூடாது — இவை யாவும் இதனாலேயே. சுத்தப் பிரதி எழுதுவதைப் பெருமையாகக் கருதிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். பிரத்தியட்சப் பிரமாணத்தின் மதிப்பு, கண்டது கண்டபடி, கண்ட நேரத்தில் எழுதப்பட்டிருப்பதில்தான் உள்ளது.

கணிதமும் இதனுள் வந்து கலந்திருக்கிறது. உயிரியல் எடுத்தால் கணக்கிலிருந்து தப்பலாம் என்று நம்பி வருபவனுக்கு இங்கே ஏமாற்றம் காத்திருக்கிறது. சராசரி எடுத்தால் போதாது, அதன் பிழை எல்லையையும் கோடிட்டுக் காட்ட வேண்டும். இரண்டு சராசரிகளின் பிழைக் கோடுகள் ஒன்றன்மேலொன்று கவிந்திருக்கையில், இது அதைவிடப் பெரிது என்று துணிந்து சொல்பவனுக்கு மதிப்பெண் கிடையாது. பழ ஈக்கள் ஒரு பக்கம் கூடுவது தற்செயலா, காரணத்தினாலா என்பதைக் ‘கை-வர்க்கம்’ என்னும் புள்ளியியல் சோதனையால் கணித்துக் காட்ட வேண்டும். பரீட்சைக் கூடத்துக்குள் கணிப்பானுக்கு அனுமதி உண்டு; சூத்திரங்களின் பட்டியலையும் அவர்களே தருகிறார்கள். ஹார்டி-வெயின்பர்க் சமன்பாட்டை மனத்தில் சுமந்து வருவதில் என்ன புண்ணியம், அதை எப்போது பிரயோகிக்கலாம், எப்போது கூடாது என்று தெரிவதன்றோ கல்வி?

பாதுகாப்பு விதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இவ்வகுப்பின் பாக்டீரியாப் பரிசோதனை ஒன்றில், கடல்வாழ் சொறிமீன் ஒன்றினிடமிருந்து பெற்ற ஒளிரும் புரதத்தின் மரபணுவை ‘ஈ. கோலை’ என்ற நுண்ணுயிருக்குள் புகுத்துகிறார்கள். பனிக்கட்டியில் வைத்த குழாயை 42 டிகிரி வெந்நீரில் ஐம்பது விநாடி அமிழ்த்தி மீண்டும் பனிக்கட்டிக்கே மாற்றும் அந்தச் சிறு செயலால் மரபணு உள்ளே நுழைகிறது. மறுநாள் புற ஊதா விளக்கின்கீழ் பாக்டீரியாக் கூட்டம் பச்சையாக ஒளிர்கிறது. அப்புரதத்தைக் கண்டறிந்து ஆராய்ச்சிக் கருவியாக்கிய ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் 2008-இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. சியெனின் ஆராய்ச்சிக்குக் கிடைத்த புகழில் பங்குகொள்ளும் உரிமை பதினேழு வயதுப் பிள்ளைக்கு இல்லையாயினும், அதே புரதத்தைத் தன் கையால் ஒளிரச் செய்யும் வாய்ப்பு இருக்கிறது. இங்கே கையாளப்படுவது ஆம்பிசிலின் மருந்துக்கு அசையாத நுண்ணுயிர். ஆகையால், கண்ணாடி அணியாதவனையும், தின்பண்டத்தோடு வருபவனையும், பயன்படுத்திய தட்டுகளை வெளுப்புக் கரைசலில் ஊறவைக்காமல் எறிபவனையும் ஆசிரியர் இரக்கமின்றி வெளியேற்றினால், அதைக் கொடுங்கோன்மை என்று எந்தப் பெற்றோரும் முறையிடுதல் தகாது.

எட்டு அலகுகளில் பரீட்சையில் மிகுதியான பங்கு எதற்கு என்று பார்த்தால், இயற்கைத் தேர்வுக்கு: 13 முதல் 20 சதவீதம். அந்நாட்டுச் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். 1925-ஆம் ஆண்டில் டென்னசி மாகாணத்து டேட்டன் என்னும் சிற்றூரில், மனிதனின் பரிணாமத்தைக் கற்பித்தார் என்ற குற்றத்துக்காக ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் விசாரிக்கப்பட்டு நூறு டாலர் அபராதம் விதிக்கப்பெற்றார். மேல்முறையீட்டில் ஒரு நடைமுறைப் பிசகால் அத்தண்டனை நீங்கியதே ஒழிய, அந்த வழக்குக்குப் பிறகு வெகுகாலம் பள்ளிப் புத்தகங்களில் டார்வினின் தத்துவம் அடக்கியே வாசிக்கப்பட்டது. சோவியத் ருஷியா 1957-இல் ஸ்புட்னிக்கை விண்ணுக்கு அனுப்பிய அதிர்ச்சியில் விஞ்ஞானக் கல்வி புத்துயிர் பெற்ற பின்னரே அது மீண்டும் தலைநிமிர்ந்தது. 2005-இல்கூட, பென்ஸில்வேனியாவின் டோவர் நகரத்துப் பள்ளி நிர்வாகம் அறிவார்ந்த படைப்பு என்னும் கொள்கையை உயிரியல் வகுப்புக்குள் நுழைக்கப் பார்க்க, அது விஞ்ஞானம் அன்று என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்க நேர்ந்தது. இந்தப் பின்னணியில், பரிணாமத்தை ஒதுக்கிவிட்டு ஏ.பி. உயிரியல் நடத்த முடியாது என்ற நியதி, ஓர் ஆசிரியரை அவர் ஊராரின் கோபத்திலிருந்து காக்கும் கவசமாகவும் இருக்கிறது.

மே மாதத்தில் வரும் பரீட்சை மூன்று மணி நேரம். முதல் பாதியில் தொண்ணூறு நிமிஷத்தில் 60 கேள்விகளுக்குப் பொருத்தமான விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மறுபாதியில் அதே தொண்ணூறு நிமிஷத்தில் ஆறு கேள்விகளுக்கு எழுத்தில் விடையளிக்க வேண்டும். இரண்டுக்கும் மதிப்பு சரிபாதி. 2025 முதல் கேள்விகள் யாவும் கணினித் திரையில் வருகின்றன. ஆனால் எழுத்து விடைகளை மட்டும் கையால் தாளில்தான் எழுத வேண்டும். தலைப்பிட்டு, வரிசை எண் இட்டு, குறிப்புகளாக அடுக்கும் விடைகளுக்கும், படம் மட்டுமே வரைந்து வைத்த விடைகளுக்கும் மதிப்பெண் இல்லை. கோவையான வாக்கியங்களில் எழுதியாக வேண்டும் என்பது விதி. வண்ணப் பென்சிலால் பாகம் குறித்து, முக்கியச் சொற்களுக்கு அடிக்கோடிட்டு மதிப்பெண் சேர்த்த நம் ஊர் மாணவமணிகள் இதைக் கேட்டால் திகைப்பார்கள். ‘விவரி’ என்றால் என்ன நிகழ்ந்தது என்று சொன்னால் போதும். ‘விளக்கு’ என்றால் ஏன் நிகழ்ந்தது என்றும், ‘நிரூபி’ என்றால் எந்த ஆதாரத்தால் என்றும் சொல்லியாக வேண்டும். இந்த நுட்பம் புரியாமல் தெரிந்ததையெல்லாம் கொட்டியவர்கள் அடைந்த கதியை, புதிய முறையின் முதல் பரீட்சையான 2013 காட்டிற்று: முந்தைய ஆண்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பெற்ற உச்ச மதிப்பான 5-ஐ, அவ்வாண்டு இருபதில் ஒருவரே எட்டிப்பிடித்தார்.

இனி, ஆசிரியரும் பள்ளியும் தாமாக வகுத்துக்கொள்ளும் விதிகளுக்கு வருவோம். இவை ஊருக்கு ஊர் மாறுபடும். தாமதத்துக்கு மதிப்பெண் வெட்டும் விதி எங்கும் இருக்கிறது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, முளைக்கும் பட்டாணியின் சுவாசத்தை அளக்க வேண்டிய நாளில் அளக்காமல் விட்டவனுக்காகப் பட்டாணி காத்திராது. பார்த்தெழுதுவதைத் தடுக்கும் விதியும் அவ்வாறே; கணினியை வினவினால் பரிசோதனை அறிக்கை முழுவதையும் அதுவே எழுதித் தந்துவிடும் இக்காலத்தில், அந்த விதி முன்னைவிடக் கடுமையாவதே நியாயம். ஆனால், கூடுதல் மதிப்பெண்ணுக்கென்று காகிதக் கைக்குட்டைப் பெட்டி வாங்கித் தருவது முதலிய கொடைகளை ஏற்கும் வழக்கம் சில வகுப்புகளில் உண்டென்று கேள்விப்படும்போது, படிப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றுகிறது. கோடை விடுமுறையிலேயே அத்தியாயங்களைப் படித்துக் குறிப்பெடுத்து வரவேண்டும் என்ற விதியும் எனக்கு உவப்பானதன்று. அதே கோடையில் ஒரு குளத்தங்கரையில் தவளைகளையும் தட்டான்களையும் பார்த்துக் குறிப்பெழுதி வா என்று பணிக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள், அவர்களே என் மதிப்புக்கு உரியவர்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு, எந்தக் காகிதத்திலும் எழுதாத ஒரு விதியிலிருந்து வருகிறது. சாதாரண வகுப்பில் ‘ஏ’ தரம் வாங்கினால் நான்கு புள்ளி, ஏ.பி. வகுப்பில் வாங்கினால் ஐந்து புள்ளி என்று பல பள்ளிகள் கணக்கிடுகின்றன. ஆதலால், உயிரினங்களின்மீது எள்ளளவும் ஆசையில்லாதவனும் இந்த ஒற்றைப் புள்ளிக்காக இவ்வகுப்பில் வந்து அமர்கிறான். எட்டு, பத்து என்று ஏ.பி. பாடங்களை அடுக்குவது குடும்பங்களுக்கிடையே போட்டியாகிவிட்டது, அதில் நம்மவர் பின்தங்கியவர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்கும் பிள்ளை, இலை வட்டம் மிதப்பதைக் கண்டு ஆச்சரியப்படும் மனநிலையில் காலையில் வகுப்புக்கு வருவதில்லை. மறுபுறத்தில், ஆய்வுக்கூடமோ தகுந்த ஆசிரியரோ இல்லாத கிராமப் பள்ளிகளும் ஏழைப் பேட்டைப் பள்ளிகளும் இவ்வகுப்பையே நடத்த இயலாமல் இருக்கின்றன. நூறு டாலரை ஒட்டிய பரீட்சைக் கட்டணத்தில் வறியவர்களுக்குச் சலுகை உண்டு. வகுப்பே இல்லாத ஊரில் அந்தச் சலுகை எதற்கு ஆகும்?

இத்தனைக்கும் அந்த மதிப்பெண் எதை வாங்கித் தரும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றோ அதற்கு மேலோ பெற்றவருக்குக் கல்லூரி முதலாண்டு உயிரியலில் விலக்கு அளிக்கும் அரசாங்க சர்வகலாசாலைகள் பல உண்டு. ஆனால் டார்ட்மத் கல்லூரி 2014-இல் சேர்ந்த மாணவர் முதற்கொண்டு பட்டக் கணக்கில் சலுகை தருவதை நிறுத்திவிட்டது; கால்டெக்கும் பிரவுனும் இப்பரீட்சைக்காகப் பட்டக் கணக்கில் சலுகை தருவதில்லை. மருத்துவக் கல்லூரிகளில் பலவோ, உயிரியலைக் கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே படித்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன. பள்ளியில் வாங்கிய ஐந்தைக் காட்டி அந்தப் படியைத் தாண்டிவிட முடியாது. ஆகவே, பிள்ளையை டாக்டராக்கும் எண்ணத்தோடு இவ்வகுப்பில் சேர்க்க விரும்பும் பெற்றோர், அவன் போக நினைக்கும் கல்லூரியின் விதியை முதலில் எழுதிக் கேட்டு அறிந்துகொள்ளட்டும். அதன்பின், அவனுக்கு உயிரியலில் விருப்பம் உண்டா என்று அவனையே கேட்டுவிட்டுச் சேர்க்கட்டும்.